அரசுப் பள்ளிக்கு வரும் மானியத் தொகையால் வகுப்பறைக் கற்றலில் உண்மையில் என்ன மாற்றம் ஏற்படுகிறது?

ஆசிரியர் ஊதியம் தனிக் கணக்கு. கேள்வியில் குறிப்பிடப்படுவது, 2018இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் வழங்கப்படும் பள்ளி மானியம். 31 முதல் 100 மாணவர்கள் உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 பேர் உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய் என எண்ணிக்கைக்கேற்ப இது உயர்கிறது. குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும்.

மின்கட்டணம், சுண்ணக்கட்டி, பழுதுபார்ப்பு என இத்தொகை கரைந்துவிடக்கூடும் என்பது உண்மையே. ஆயினும், ஒரு சிறு பகுதி கற்றல் கருவிகளுக்குச் சென்றாலும் பாடம் நடக்கும் விதமே மாறுகிறது. ஒரு லிட்டருக்கு ஆயிரம் மில்லிலிட்டர் என்று மனப்பாடம் செய்த நான்காம் வகுப்புக் குழந்தை, 250 மில்லிலிட்டர் குவளையால் நான்கு முறை தண்ணீர் ஊற்றி, லிட்டர் குடுவை விளிம்புவரை நிறைவதைத் தன் கையாலேயே செய்து பார்க்கும்போது, அளவையும் கால் பங்கு என்னும் பின்னமும் ஒருசேர விளங்கிவிடுகின்றன. இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

நூலகத்துக்கெனத் தனி மானியமும் உண்டு. வாங்கிய நூல்களை அலமாரியில் பூட்டிவைக்காமல், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கயிற்றில் தொங்கவிடும் பள்ளிகளில்தான் அந்தப் பணம் முழுப் பயன் தருகிறது என்பேன். எதை வாங்குவது என்பதைப் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவுசெய்யலாம். அக்கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள்.