துளி முழுக்கப் பொடிப் படிகம்: நுண்துளைக் கண்ணாடி உதவுமா?

கேள்வி: ஆய்வுக்காக ஒரு நொதியைப் படிகமாக்க முயல்கிறேன். வீழ்படிவாக்கியை (கரைசலிலிருந்து புரதத்தைப் பிரியவைக்கும் பொருளை) கூட்டினால் துளி முழுக்கப் பொடிப் படிகம். குறைத்தால் வாரக்கணக்கில் தெளிவாகவே நிற்கிறது. நுண்துளைக் கண்ணாடித் துகள் போட்டால் எக்ஸ் கதிரால் அமைப்பை ஆராய்வதற்கு ஏற்ற பெரிய படிகம் கிடைக்குமா?

பதில்: நல்ல வாய்ப்பிருக்கிறது, சரியான துளியில் போட்டால். பொடி வரும் துளியில் போடாதீர்கள். அங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் கருக்கள், அதாவது படிகம் வளரத் தொடங்கும் சிறு திரள்கள், உண்டாகின்றன. தெளிவாக நிற்கும் துளிகளைப் பாருங்கள். அவற்றில் சிலவற்றில் உங்கள் நொதி, அதாவது புரதம், கரையக்கூடிய அளவுக்கு மேல் கரைந்திருக்கும் மீதெவிட்டிய நிலையில்தான் இருக்கும். கரு கிடைத்தால் வளரும், தானாகக் கருவை உண்டாக்காது. துகள் வேலை செய்வது அங்கேதான்.

துளைகளின் அகலம் சில நானோமீட்டர், அதாவது புரத மூலக்கூறின் அளவை ஒட்டியது. உள்ளே சிக்கும் மூலக்கூறுகள் நெருங்கிச் சேர்ந்து கருவாகின்றன. துளை ரொம்பக் குறுகினால் கரு வெளியே வந்து வளர முடியாது. ரொம்ப அகன்றால் தட்டையான பரப்பைப் போலத்தான். உங்கள் நொதிக்கு எந்த அளவு பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம் என்பதால், பல அளவுத் துளைகள் கலந்த பொருளே நல்லது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நவோமி சாயென் குழு 2001-இல் நுண்துளை சிலிக்கானையும், 2006-இல் உயிர்க்கண்ணாடியையும் (எலும்போடு பிணையும் வகை நுண்துளைக் கண்ணாடி) தேர்ந்தது இந்த எண்ணத்தில்தான்.

பொடி வந்த செறிவிலிருந்து வீழ்படிவாக்கியைப் படிப்படியாகக் குறைத்து ஒரு வரிசை வையுங்கள். ஒவ்வொரு செறிவிலும் மூன்று துளி: துகளோடு ஒன்று, துகளில்லாமல் ஒன்று, புரதமே இல்லாமல் துகள் மட்டும் போட்டு ஒன்று. அந்த மூன்றாவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உயிர்க்கண்ணாடியிலிருந்து கால்சியம் கரைந்து வரும், பி.ஹெச். அளவும் ஏறலாம். உங்கள் தாங்கல் கரைசல் (பி.ஹெச். மாறாமல் காக்கும் கரைசல்) பாஸ்பேட் என்றால், அது கால்சியத்தோடு சேர்ந்து உண்டாகும் உப்பைப் புரதப் படிகம் என்று நம்பி எக்ஸ் கதிர் வரை கொண்டுபோக நேரும். துகளும் ஊசி முனையில் ஒட்டும் அளவுக்கு மேல் வேண்டாம்.

அதற்கு முன், கரைசலில் உள்ள மூலக்கூறுகளின் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல் சோதனையில் புரதம் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திரண்டுபோன புரதத்தை எந்தத் துளையும் காப்பாற்றாது.

இன்னொன்று. உங்கள் கையில் ஏற்கெனவே படிகம் இருக்கிறது, பொடியாக இருந்தாலும். அதையே நசுக்கி, பலமடங்கு நீர்த்து, தெளிவான துளிகளில் விதையாக இடுங்கள். செலவே இல்லாத வழி இது. நானாக இருந்தால் இதைத்தான் முதலில் செய்வேன். விதை நீர்க்கும்போதே கரைந்துபோனாலோ, மறுபடி பொடியே வந்தாலோ, அப்புறம் கண்ணாடித் துகளை எடுங்கள்.