மலிவாகக் கிடைக்கும் கிளாசிக்: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "கல்யாணத்துக்கு முன் நிறையப் படித்தேன். வேலை, பிள்ளைகள் என்று விட்டுப்போயிற்று. மறுபடி தொடங்க ஆசை. புத்தகக் கண்காட்சியில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் ஒரே புத்தகமாக, மலிவு விலையில் கிடைத்தது, வாங்கினேன். சம்பந்தி வீட்டில் இருப்பது ஐந்து தனித்தனிப் புத்தகம், என்னுடையதைப்போல மூன்று மடங்கு கனம். நான் வாங்கியது முழு நாவல்தானா? இதற்கிடையே, 'தமிழின் 40 அமர இலக்கியங்கள்' என்று ஒரு செட்டை 3,999 ரூபாய்க்குத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். வாங்கலாமா? வேண்டாமென்றால் பழையதிலும் புதியதிலும் எதைப் படிக்கலாம்?"

செட்டை வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் விவரமாகச் சொல்கிறேன், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் அனுப்பிவிட்டால் திரும்பி வராது.

உங்கள் கையில் இருப்பது முழு நாவலா என்பதை நீங்களே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கனத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. எழுத்தைப் பொடியாக்கி, ஓரத்தைக் குறைத்து, மெல்லிய தாளில் அடித்தால் முழு நாவலும் ஒடுங்கிவிடும். பொருளடக்கத்தைத் திறங்கள். புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. ஆக மொத்தம் 293. கடைசியில் ஆசிரியரின் முடிவுரை இருக்க வேண்டும். பொருளடக்கமே இல்லையென்றால் அதையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நிறுத்திவிடாதீர்கள். அத்தியாயத் தலைப்புகளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வெட்டுகிறவர்களும் உண்டு. ஐந்தாம் பாகத்தின் நடுவில் ஏதாவது ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுப் பிரதியின் அதே அத்தியாயத்தோடு பத்தி பத்தியாக ஒத்துப் பாருங்கள். ஏன் ஐந்தாம் பாகம் என்கிறேன்? சுருக்குகிறவர்கள் முதல் பாகத்தில் பெரும்பாலும் கை வைப்பதில்லை. கடையில் நின்று புரட்டுகிறவர் பார்ப்பது அதைத்தான். வெட்டு விழுவது பின்னால்தான். பாட்டுகள், நீண்ட வர்ணனைகள், இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் இடங்கள் போய்விடும். கதை மட்டும் ஓடும். படிப்பவருக்குச் சந்தேகமே வராது, 'இதற்கா இவ்வளவு புகழ்?' என்று மட்டும் தோன்றும். எழுத்தாளர் மேல் விழும் இந்தப் பழிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுருக்கப் பதிப்பு போடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அட்டையில் 'சுருக்கம்' என்றும், சுருக்கியவர் யார் என்றும் போட்டிருந்தால் அது நேர்மையான புத்தகம். இரண்டும் இல்லாமல் விற்றால் அது ஏமாற்று.

ஒரே நாவல் ஏன் இத்தனை பதிப்பகங்களில், இத்தனை விலையில் கிடைக்கிறது? நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் நூலின் உரிமை எல்லோருக்கும் பொது. கணக்கு, இறந்ததற்கு அடுத்த ஜனவரியிலிருந்து தொடங்கும். அதற்கு முன்பே தமிழக அரசு குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கிவிட்டாலும் பொதுதான். கல்கி 1954-இல் காலமானார். அவர் நூல்கள் நாட்டுடைமையும் ஆயின, 60 ஆண்டும் கடந்துவிட்டது. ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விலை குறைவதற்கு இது நல்ல காரணம். ஆனால் எது சரியான பாடம், அதாவது எழுத்தாளர் எழுதிய வடிவம், என்று பார்க்கவும் யாரும் இல்லாமல் போகிறது.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை. பாரதியின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கியதில் தொடங்கி, இன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. குடும்பத்துக்குக் காசோலை கொடுக்கிறார்கள், செய்தி வருகிறது. அதோடு சரி. இந்த எழுத்தாளருக்கு இதுதான் ஒத்துப்பார்த்த பாடம், இதை வைத்து அச்சிடுங்கள் என்று சொல்ல ஓர் ஏற்பாடு கிடையாது. இன்னொரு பக்கம், நூலகங்களுக்கு வாங்குவது வெகுகாலமாகப் பக்கக் கணக்கில், பாரம் என்னும் அச்சுத்தாள் அளவுக்கு இவ்வளவு என்று நடந்துவந்தது. மெய்ப்பு பார்த்து, அதாவது அச்சுப் பிழை திருத்தி, போட்ட பதிப்புக்கும், பார்க்காமல் போட்ட பதிப்புக்கும் ஒரே காசு என்றால் மெய்ப்புக்கு யார் செலவழிப்பார்கள்? சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற நாம் இதைக் கேட்க வேண்டாமா?

அரசு செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் தமிழ் மின்நூலகத்தில் நாட்டுடைமை நூல்களின் பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இலவசம். ஒத்துப் பார்க்க வீட்டில் வேறு பிரதி இல்லாதவர்கள் அங்கே பார்க்கலாம். உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது திறந்து காட்டுவார்கள்.

இனி அந்தச் செட். இத்தகைய 40, 50, 100 புத்தகக் கட்டுகள் பெரும்பாலும் எப்படித் தயாராகின்றன என்று சொல்கிறேன். உரிமை தீர்ந்த நூல்களாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். இணையத்தில் யாரோ தட்டச்சு செய்து வைத்த கோப்பை இறக்குகிறார்கள், அல்லது பழைய பிரதியை ஸ்கேன் செய்து மென்பொருளை வைத்து எழுத்தாக்குகிறார்கள். மெய்ப்பு பார்ப்பது கிடையாது. நேரே அச்சுக்குப் போய்விடும். எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தப் பக்கத்தையாவது திறந்து நிதானமாக ஒரு பத்தி படியுங்கள். 'காலம்' என்பது 'கரலம்' என்றும், 'பாடம்' என்பது 'பரடம்' என்றும் வந்திருந்தால் அது இயந்திரம் படித்த புத்தகம். காலும் ரகரமும் அதற்கு ஒன்றாகத் தெரியும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் இன்னும் மோசம். அன்றைய தும்பிக்கை போட்ட லை, னை, சுழித்த றா, னா எல்லாம் கண்டபடி வேறு எழுத்தாகிவிடும். மேற்கோள் குறி தொலைந்து, யார் பேசுவது என்றே தெரியாது. இப்படி ஒரு பக்கத்தில் இரண்டு இடம் கண்ணில் பட்டால் புத்தகத்தை வைத்துவிட்டு நகருங்கள்.

'செம்பதிப்பு' என்று அட்டையில் இருக்கிறதே என்பீர்கள். அதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். செம்பதிப்பு என்றால், எந்தெந்தப் பதிப்புகளை ஒத்துப் பார்த்தோம், எங்கே பாடம் மாறுகிறது என்று சொல்லும் ஒரு பதிப்பாசிரியர் இருக்க வேண்டும். புதுமைப்பித்தன் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-இல் காலச்சுவடு வெளியிட்டது நல்ல உதாரணம். கதைகள் கால வரிசையில் இருக்கும், எது எந்தப் பத்திரிகையில் வந்தது, புத்தகமானபோது என்ன மாறியது என்று பின்னால் குறிப்பு இருக்கும். புதுமைப்பித்தன் 1948-இல் இறந்தார், அவர் கதைகளை யாரும் அச்சிடலாம். அப்படி அச்சிட்டவை கடையில் நிறைய உண்டு. பத்தோ இருபதோ மிச்சம் பிடிக்க அவற்றை வாங்காதீர்கள்.

விற்பவரிடம் ஒன்று கேளுங்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதிப்பகத்தின் பெயர், முகவரி, பதிப்பு ஆண்டு, அச்சகம் எல்லாம் அங்கே இருக்கும். அனுப்ப மாட்டார். 'சலுகை இன்றோடு முடிகிறது' என்பார்.

அந்தக் கட்டில் ரஷ்ய நாவல்களும் இருக்கின்றன என்று சொல்வார். இதில் எல்லோரும் ஏமாறும் ஒரு விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மூல நூலின் உரிமை தீர்ந்துவிட்டால் மொழிபெயர்ப்பின் உரிமையும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கார்க்கி 1936-இல் இறந்தார். அவருடைய 'தாய்' நாவலை இன்று யாரும் புதிதாகத் தமிழில் மொழிபெயர்த்துப் போடலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் படித்த 'தாய்' தொ. மு. சி. ரகுநாதனின் தமிழ். அவர் 2001-இல் இறந்தார். கார்க்கியின் உரிமை தீர்ந்தது என்பதால் மட்டும் அந்தத் தமிழை எடுத்து அச்சிட்டுவிட முடியாது; அதன் உரிமை யாரிடம் என்று தனியாகப் பார்த்து, தேவையென்றால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்காதவர் என்ன செய்வார்? மொழிபெயர்ப்பாளர் பெயரை எடுத்துவிடுவார். இல்லாவிட்டால் இங்கொரு சொல், அங்கொரு சொல் மாற்றி வேறு பெயர் போடுவார். அப்படி மாற்றும்போது வாக்கியம் நொண்டும். உரிமை உள்ளவரிடம் வாங்கிப் போட்ட பழைய மொழிபெயர்ப்பு, பெயரோடு வந்தால், தாராளமாக வாங்கலாம். புதிதாக ஒருவர் மூலத்திலிருந்தோ ஆங்கிலம் வழியோ மொழிபெயர்த்து, எந்த வழி என்று சொல்லியிருந்தால் அதையும் வாங்கலாம். மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத மொழிபெயர்ப்பை மட்டும் தொடாதீர்கள், எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் சரி. மூன்று நான்கு வருடம் உட்கார்ந்து உழைத்த ஒருவரின் பெயரை அழித்துவிட்டு விற்கிற புத்தகம் அது. உள்ளே வேறு எதை நம்புவது?

மொழிபெயர்ப்பில் நம்பி வாங்கச் சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்ட்டும் இருக்கின்றன. சுந்தர ராமசாமி தமிழாக்கிய தகழியின் 'செம்மீன்', த. நா. குமாரஸ்வாமி தமிழாக்கிய தாராசங்கரின் 'ஆரோக்கிய நிகேதனம்', சு. கிருஷ்ணமூர்த்தி தமிழாக்கிய அதீன் பந்தோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' எல்லாம் இப்படி வந்தவைதான். விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் தீர்ந்துபோனால் மறு அச்சு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். கண்ணில் படும்போதே வாங்கிவிடுங்கள்.

சரி, எதைப் படிப்பது? பல வருடம் விட்டுப்போனவர் ஐந்து பாக நாவலில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. சின்னதாகத் தொடங்குங்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' இரண்டு நாளில் முடிந்துவிடும். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், ஒரு தெரு, ஜமுனா, அவள் தங்கை சாயா, குடத்தோடு அலையும் மனிதர்கள், அவ்வளவுதான் கதை. ஒரு சொல் கூடுதலாக இருக்காது. அடுத்து பூமணியின் 'வெக்கை', 1982-இல் வந்தது. கொலை செய்துவிட்ட ஒரு பையன் அப்பாவோடு காட்டில் பதுங்கித் திரிகிற சில நாட்கள். 'அசுரன்' படம் பார்த்திருந்தாலும் படியுங்கள். காடு, பசி, அப்பனும் மகனும் மெல்லப் பேசிக்கொள்வது, இதெல்லாம் நாவலில்தான் முழுசாகக் கிடைக்கும். கரிசல் பேச்சு முதல் இருபது பக்கம் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும். அதுவும் பிடித்துவிட்டால் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. இந்த மூன்றும் உரிமை உள்ள நூல்கள் என்பதால், பழசில் உள்ள பாடக் குழப்பம் இவற்றில் இல்லை.

பெரிய புத்தகம் ஒன்று வேண்டுமென்றால் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. ஆசிரியராக இருந்தவர் நீங்கள், ஒரு மாணவன் குருவைத் தேடி அலைவதும், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து பாடம் கேட்பதும் உங்களுக்கு வேறு மாதிரி அர்த்தப்படும். ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942-இல் அவர் காலமானதால் பாதியில் நின்றது. உங்கள் பிரதி சட்டென்று முடிந்தால் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம், நூலே அப்படித்தான் நிற்கிறது.

புதியவற்றில் இமையத்தின் 'செல்லாத பணம்', தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' இரண்டையும் சொல்வேன். முன்னதற்கு 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது, பின்னதற்கு 2023-க்கானது. விருதுக்காகச் சொல்லவில்லை. தீக்காயப் பிரிவில் மகள் கிடக்க, பணம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் வெளியே காத்திருக்கும் குடும்பத்தை இமையம் எழுதியிருப்பதைப் பாதியில் கீழே வைக்க முடியாது. மனம் கனமாக இருக்கும் நாளில் மட்டும் எடுக்காதீர்கள். தலித் பெண் ஒருவரின் தன்வரலாறான பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது, புதியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் படிப்பதை நிறுத்திய பிறகு தமிழில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

'அதிகம் விற்றவை' என்று கடைகளில் ஒட்டும் பட்டியலை நம்பி மட்டும் புதிய புத்தகம் வாங்காதீர்கள். அரங்கிலேயே நின்று பத்துப் பக்கம் படியுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் முதலில் கிளை நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, பிடித்ததை மட்டும் வாங்குங்கள். செட்டுக்கு வைத்திருந்த 3,999 ரூபாயில் மேலே சொன்னவற்றில் முக்கால்வாசியை வாங்கிவிடலாம். உங்கள் 'பொன்னியின் செல்வ'னில் அத்தியாயம் குறைந்தால், பில் இருந்தால் அந்தப் பதிப்பகத்துக்கு எத்தனை அத்தியாயம் இல்லை என்று எண்ணிக்கையோடு ஒரு கடிதம் போடுங்கள். பணம் வருமா என்று சொல்ல முடியாது. இப்படி நாலு கடிதம் போனால் அடுத்த அச்சில் 'சுருக்கம்' என்றாவது போடுவார்கள்.