மே மாதத்தில் ஹார்னி கவுன்ட்டி: எங்கே தங்குவது, எங்கே பெட்ரோல் போடுவது?

கேள்வி: போர்ட்லேண்ட் பக்கத்தில் ஹில்ஸ்பரோவில் இருக்கிறோம். மே கடைசி வார விடுமுறையில் இரண்டு குழந்தைகளோடு ஒரிகானின் ஹார்னி கவுன்ட்டிக்குப் போய், ஸ்டீன்ஸ் மலை உச்சியும் ஆல்வர்ட் பாலைவனமும் பார்க்க ஆசை. செடான் கார்தான். மேப்பில் ஃப்ரெஞ்ச்க்ளென், ஃபீல்ட்ஸ் என்று ஊர்கள் தெரிகின்றன. அங்கேயே தங்கலாமா?

பதில்: உச்சியை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். 52 மைல் மலைச்சாலையில் பனி உருக உருகத்தான் ஒவ்வொரு கேட்டாகத் திறப்பார்கள். முழுச் சுற்றும் திறக்கப் பெரும்பாலும் ஜூன் பாதிக்கு மேல், சில வருடம் ஜூலைகூட ஆகிவிடும்.

தங்குவதற்கு பர்ன்ஸ் ஊர்தான் சரி. 10,226 சதுர மைல் கவுன்ட்டியில் 2020 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 7,495 பேர். அதில் பாதிக்கு மேல் பர்ன்ஸிலும் அதை ஒட்டிய ஹைன்ஸிலும்தான். பர்ன்ஸ் பையூட் பழங்குடியினரின் நிலமும் ஊரை ஒட்டியே இருக்கிறது. மற்றபடி மேப்பில் தெரியும் பெயர்கள் பலவும் ஒரு கடை, ஒரு பங்க், நாலைந்து வீடு, அவ்வளவே. கவுன்ட்டியின் பெரும்பகுதி மத்திய அரசு நிலம். ரேஞ்ச்கள் (பெரிய மாட்டுப் பண்ணைகள்) அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அந்தப் பண்ணைப் பிள்ளைகளுக்காக கிரேன் என்ற ஊரில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் விடுதியே நடத்துகிறார்கள்! ஃப்ரெஞ்ச்க்ளென்னில் இருக்கும் சில அறைகளும் விடுமுறைக்கு வெகு முன்பே நிரம்பிவிடும்.

பெட்ரோல் கணக்கு இப்படி: பர்ன்ஸிலிருந்து 205-ஆம் சாலையில் ஃப்ரெஞ்ச்க்ளென் 60 மைல், அங்கிருந்து ஃபீல்ட்ஸ் ஏறக்குறைய 50. மலைக்குக் கிழக்கே சுற்றி 78-ஆம் சாலை வழியாகத் திரும்பினால் மொத்தம் 240 மைல் வரை வரும். பர்ன்ஸில் டேங்க்கை நிரப்பி, ஃபீல்ட்ஸில் பாதி இருந்தாலும் மறுபடி நிரப்புங்கள். கடை மூடினால் பங்க்கும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, மேப்பை முன்னாலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

ஸ்டீன்ஸ் மலை (9,733 அடி) ஒருபக்கம் தூக்கி வைத்த பலகை மாதிரி. மேற்கே மெல்லச் சரியும், கிழக்கே 5,000 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கும். மேற்குச் சரிவில் உருகும் பனி மால்யர் ஏரியில் போய்த் தேங்குகிறது. அந்த நீர் கடலுக்குப் போக வழி கிடையாது. பறவைகள் அங்கே குவிவது அதனால்தான். கொசுவும் அப்படியே, மருந்து எடுத்துப் போங்கள்.

மலை மழையைத் தடுத்துவிடும் கிழக்குப் பக்கத்தில் கிடப்பது ஆல்வர்ட். அந்த வறண்ட ஏரிப்படுகை மேலே காய்ந்து தெரிந்தாலும், மே மாதத்தில் அடியில் ஈரக் களிமண் இருக்கலாம். காரை இறக்கும் முன் நூறு அடியாவது நடந்து பாருங்கள். குதிகால் பதிந்தால் இறக்கவே வேண்டாம். சிக்கினால் இழுவை வண்டி பர்ன்ஸிலிருந்து 100 மைலுக்கு மேல் வரவேண்டும், பில்லும் அதற்கேற்ப வரும். கிழக்குச் சாலை பெரும்பகுதி கூர்மையான சரளை. 35 மைல் வேகத்தைத் தாண்டாதீர்கள், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். பல புது செடான்களில் ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் ஒட்டும் கிட்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அது உதவாது. உங்களுடையதும் அப்படியென்றால் ஃபீல்ட்ஸோடு நிறுத்தி, தார்ச்சாலையிலேயே திரும்பிவிடுங்கள்.