எம்.ஐ.ஏ.யின் பாட்டுகளை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'எங்கட யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் என்கிறார்கள், எனக்கு ஒரு பாட்டும் பிடிபடவில்லை' என்று கேட்டிருந்தீர்கள். 2007இல் வந்த 'கலா' தொகுப்பில் தொடங்குங்கள்.

எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயரில் பாடும் ராப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். போர் முற்றியதும் தாயுடன் அகதியாக லண்டன் திரும்பினார். கலைக் கல்லூரிப் படிப்புக்குப் பிறகுதான் ராப். 2005இல் வந்த முதல் தொகுப்பு 'அருளர்' தகப்பனின் பெயர். 'கலா' தாயின் பெயர்.

அமெரிக்க விசா இழுபட்டதால் 'கலா'வைப் பல நாடுகளில் பதிவுசெய்தார், சென்னையிலும். அதிலுள்ள 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் அதிர்வது உறுமி மேளம். உறுமி நம் கோயில்களில் அவ்வளவு கேட்பதில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்து இணுவில் ஊரின் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த அடி உடனே ஒட்டிக்கொள்ளும். முதல் முறை சொற்களைத் தேடாதீர்கள், தாளத்தை மட்டும் பிடியுங்கள். எனக்கு அப்படித்தான் கதவு திறந்தது.

அப்புறம் அதே தொகுப்பின் 'பேப்பர் பிளேன்ஸ்'. கிராமி விருதுக்குப் பரிந்துரையான பாட்டு. அதில் வரும் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். குடியேறிகளைக் கண்டு மேற்குலகம் படும் பயத்தைத்தான் அது நக்கலடிக்கிறது. விசாவுக்கு அலைந்தவர் இல்லாத வீடே அரிதான நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை.