இன்ஹேலரை மறைத்துக்கொண்டு ராணுவப் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 19 வயது. அக்னிவீர் எழுத்துத் தேர்வு, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் முடித்துவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பும் தேதிக்காகக் காத்திருக்கிறேன். ஓடும்போது ஒன்றும் இல்லை. ஓடி முடித்துப் பத்து நிமிடத்தில் இருமலும் நெஞ்சு இறுக்கமும் வருகிறது. சின்ன வயதில் வீசிங் இருந்தது. நண்பன் சொன்ன நீல நிற இன்ஹேலரை அடித்துக்கொண்டுதான் ஓடுகிறேன். முன்பு காலையில் அடித்தால் அன்று முழுக்கத் தாங்கும், இப்போது மூன்று மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. மூன்று வாரத்தில் ஒன்று காலியாகிறது. கோச் சொல்லி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பெட்டாமெத்தசோன் 0.5 மாத்திரையும் இரண்டு மாதமாகத் தினம் இரண்டு போடுகிறேன். நல்ல பசி, முகமும் பூசினாற்போல் இருக்கிறது. இடது மார்பில் சுருக்கென்று குத்தல், காலையில் மூக்கடைப்பு, விடியற்காலை 3 மணிக்கு இருமல். மயக்கம் போட்டு விழுந்ததில்லை. நெட்டில் பார்த்தால் இதயத்தில் ஓட்டை, நுரையீரல் புற்றுநோய் என்று வருகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டரிடம் போனால் வேலை போய்விடுமா? (ராமநாதபுரம் மாவட்ட வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் பயப்படுவது புற்றுநோய்க்கு அல்ல, கடைசிக் கேள்விக்குத்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் சில்லறைக் கவலைகளைத் தள்ளிவிடலாம். ஒரு விரல் வைத்துக் காட்டும் இடத்தில் சுருக்கென்று குத்திச் சில நொடிகளில் விட்டுப்போவது பெரும்பாலும் மார்புத் தசையின் வலி. ஓடும்போது கண் இருட்டி விழுந்திருந்தால், அல்லது வீட்டில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் முதலில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்வேன். விழுந்ததில்லை என்கிறீர்கள், குடும்ப விவரத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஓடி முடித்ததும் வந்து, இன்ஹேலருக்கு அடங்கும் இருமல் 19 வயதில் புற்றுநோயின் குணம் இல்லை. நெட்டில் தேடுவதை இன்றோடு நிறுத்துங்கள். இருமல் என்று தேடினால் அது எப்போதும் புற்றுநோயில்தான் கொண்டுபோய் விடும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டவை இரண்டு வரிகள். அன்று முழுக்கத் தாங்கிய மருந்து இப்போது மூன்று மணி நேரம் தாங்கவில்லை. விடியற்காலை 3 மணிக்கு இருமல் எழுப்புகிறது. இவை ஆஸ்துமாவின் அடையாளம்போலத் தெரிகின்றன.

நீல இன்ஹேலரில் இருப்பது சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். குழாயின் உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கம் ஏற ஏற மருந்து தாங்கும் நேரம் குறையும், நாம் இன்னும் அடிப்போம். ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதல்கள் 2019-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டன: பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இந்த மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, கூடவே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும். ஒரு நீல இன்ஹேலரில் பொதுவாக 200 முறை அடிக்கும் மருந்து இருக்கும். மூன்று வாரத்தில் காலி என்றால் ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து முறை. வருடத்துக்கு மூன்று காலியானாலே கடுமையான தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது; பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. நீங்கள் போகிற வேகத்தில் வருடத்துக்குப் பதினேழு. ‘எனக்கு லேசான வீசிங்தான்’ என்று நினைத்துக்கொண்டிருந்த இளைஞர்களும் ஆஸ்துமாவில் இறக்கிறார்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நன்றாக ஓட முடிகிறது என்பதை வைத்து நோயை எடைபோடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து அந்தப் பெட்டாமெத்தசோன் மாத்திரை. பசி எடுக்கிறது, முகம் பூசியிருக்கிறது என்று நல்ல சேதிபோல எழுதியிருக்கிறீர்கள். அது சத்து இல்லை தம்பி, ஸ்டீராய்டு. நீங்கள் தினமும் போடும் இரண்டு மாத்திரை பிரெட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டில் ஏறக்குறைய 7, 8 மில்லிகிராமுக்குச் சமம். இரண்டு மாதம் வெளியிலிருந்து கொடுத்தால், சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். கடும் உழைப்பு, காய்ச்சல், காயம் போன்ற நேரங்களில் உடம்பு அந்தச் சுரப்பியைத்தான் நம்பியிருக்கிறது. மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனீர்கள் என்றால், வாந்தி, தள்ளாட்டம், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் என்று அங்கே படுத்துவிடலாம். ஆகவே நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நீங்களாகத் தொடரவும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கொடுத்த கடைக்காரரும், ‘போட்டுக்கோ, டைமிங் நல்லா வரும்’ என்ற கோச்சும் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. இதைப் படிக்கும் மற்ற பயிற்சி மையத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஓட்டத்துக்கு முன்னால் யாராவது மாத்திரை நீட்டினால் அட்டையை வாங்கிப் பெயரைப் படியுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பூசி மெழுக மாட்டேன். ஆஸ்துமா உறுதியானால் இந்திய ராணுவத்தில் சேரத் தகுதியில்லை என்பதுதான் விதி. மெடிக்கல் முடிந்துவிட்டதே, இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று நீங்கள் கணக்குப் போடுவது புரிகிறது. எத்தனை நாள் விடியற்காலை எழுந்து ஓடியிருப்பீர்கள், வீட்டில் எத்தனை பேர் அந்தச் சம்பளத்தை நம்பியிருப்பார்கள் என்பதும் புரிகிறது. ஆனால் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஒரு நாள் ஓடினால் போதும். பயிற்சியில் மாதக்கணக்கில் தினமும் ஓட வேண்டும். முதுகில் மூட்டையோடும் ஓட வேண்டும். குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வடக்கே போட்டாலும் குளிர்காலம் உண்டு. குளிர்ந்த உலர்ந்த காற்றை வாயால் இழுத்துக்கொண்டு ஓடுவதைப்போல ஆஸ்துமாவைக் கிளப்புவது வேறில்லை. ராமநாதபுரத்துக் கடற்காற்றிலேயே மூன்று மணி நேரம் தாங்காதவர் அங்கே என்ன செய்வீர்கள்? கட்டிலோடு கட்டில் ஒட்டிக் கிடக்கும் பாரக்கில் 3 மணி இருமலை எத்தனை இரவு மறைப்பீர்கள்? பாதிப் பயிற்சியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போய், அப்புறம் வீட்டுக்கு அனுப்பப்படுவதுதான் நீங்கள் நினைக்கும் வழியின் முடிவு. அதுவும் சரியான நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால்.

ஆஸ்துமா என்பது என் ஊகம். நீங்கள் எழுதியதை வைத்துப் பலமான ஊகம், ஆனால் முடிவைச் சொல்ல வேண்டியது டெஸ்ட். மூக்கு அலர்ஜியே இருமலைக் கிளப்பியிருக்கலாம். ஓடும்போது குரல்வளை சுருங்கும் சிலரையும் ஆஸ்துமா என்று தவறாக முத்திரை குத்திவிடுகிறோம். டெஸ்ட் எடுக்காமல் நீங்களாக வேலையை விடவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஆஸ்துமாதான் என்றால் அந்தச் சீருடை கைவிட்டுப் போகும். அந்த வருத்தத்தை நான் சின்னதாக்க மாட்டேன். ஓட்டம் மட்டும் போகாது. 2003-ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்கு ஆஸ்துமா உண்டு. முறையாக மருந்து எடுத்துக்கொண்டுதான் ஓடினார்.

டாக்டரைப் பார்க்கும்வரை ஓட்டமும் பீமும் (கம்பியில் தொங்கி உடலைத் தூக்கும் பயிற்சி) வேண்டாம், நடந்தால் போதும். இன்ஹேலர் அடித்தும் சில நிமிடங்களில் தணியவில்லை, ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் உங்களால் பேச முடியாது. அதனால் வீட்டில் இன்றைக்கே ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. இன்ஹேலர், மாத்திரை அட்டை இரண்டையும் கையில் எடுத்துப் போங்கள். எத்தனை நாளாக, தினம் எத்தனை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். குழாயில் வேகமாக ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி செய்வார்கள். மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். ஓய்வாக இருக்கும்போது ரிசல்ட் நார்மலாக வந்துவிட்டால் சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஓடிய பிறகுதான் வருகிறது என்று சொல்லி, ஓடவைத்து ஊதும் டெஸ்டும் தேவையா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை போட்டிருப்பதால் டெஸ்ட் நன்றாக இருப்பதுபோலக் காட்டலாம், அதையும் நினைவுபடுத்துங்கள். ஊதுவதற்கு முன் நான்கு மணி நேரமாவது நீல இன்ஹேலர் அடிக்காமல் இருந்தால் நல்லது. அதற்குள் மூச்சு முட்டினால் தயங்காமல் அடித்துக்கொள்ளுங்கள், டெஸ்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.