“பயிற்சி ஜாப்தானே” – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிஎன்சி மில்லிங் பயிற்சியில் இருக்கிறேன்; கணினி இயக்கும் மெஷினில் உலோகத்தைச் செதுக்கும் வேலை. விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர வேண்டும் என்பது ஆசை. என் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, ஆறு மாத ஃபைவ் ஆக்ஸிஸ் (ஐந்து அச்சுகளில் நகர்ந்து வெட்டும் மெஷின்) கோர்ஸ். முடித்ததும் வேலை என்கிறார்கள். இன்னொன்று, மூன்று வருட அப்ரண்டிஸ். அதில் முதல் சில மாதங்கள் அரம் பிடிப்பதும் அளப்பதும்தானாம். இந்தக் காலத்தில் அது வீண் இல்லையா? ரோபோவும் த்ரீடி பிரிண்டிங்கும் வந்தபின் இந்த வேலையே இருக்குமா? இராணுவத்துக்குப் பொருள் செய்வது பாவம் என்று அம்மா வேறு சொல்கிறார்.

இப்போதைய வகுப்பில் பெரும்பாலும் சிமுலேஷன்தான். மெஷின் கிடைக்கும் நாளில் ஜாப், அதாவது நாங்கள் செய்யும் பாகம், சில சமயம் அளவு தவறிவிடும். 0.02 மி.மீ. கூடிப்போனால், “ரிப்போர்ட்டில் சரியாகப் போட்டுக்கொள், பயிற்சி ஜாப்தானே” என்பார் சார். நல்ல மனிதர். எனக்கு எது சரியான வழி என்று சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

சாரைப் பற்றிய அந்த வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. சில நாட்களாக ஒரு விபத்து அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் நடுவில் வந்தது உங்கள் கடிதம்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ரோபோ இருக்கும் இடத்திலும் ஜாபை ஃபிக்ஸ்சரில் (அதை அசையாமல் பிடிக்கும் அமைப்பில்) உட்காரவைக்கவும், சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். பிரிண்ட் செய்த உலோகப் பாகத்தையும் பொருந்தும் முகங்களில் கடைந்துதான் ஆக வேண்டும். அந்தப் பயத்தை விடுங்கள். அம்மா கேட்டது பெரிய கேள்வி. அதை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். என்னிடம் ஒரு வரி வாங்கிப் போய் அவர் வாயை அடைக்காதீர்கள்.

இனி அந்த 0.02.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தில் 469 பேர் இருந்தார்கள். கிளம்பிய சில நிமிடங்களில் ஓர் எஞ்சினின் டர்பைன் தட்டு வெடித்துச் சிதறி இறக்கையைத் துளைத்தது. விமானிகள் திறமையால் எல்லோரும் பிழைத்தார்கள். காரணம் எது தெரியுமா? எஞ்சினுக்குள் எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சின்னக் குழாய். அதன் முனையில் அகலப்படுத்திய துளை மையம் விலகிவிட்டது. ஒரு பக்கச் சுவர் மெலிந்து, நாள்பட விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து தீப்பிடித்தது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறது. சின்னக் குறைதான் என்று செய்தவர்களே முடிவுசெய்துகொண்டு, அதை அறிவிக்காமல் விடுவது அந்தப் பாகம் தயாரான ஆலையில் சகஜமாக இருந்திருக்கிறது.

சகஜம் ஒரே நாளில் வருவதில்லை, தம்பி. பயிற்சி மேசையில்தான் அது தொடங்குகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1996 ஜூலையில் அமெரிக்காவின் பென்சகோலாவில், ஓடுபாதையில் வேகமெடுத்த டெல்டா எம்டி-88 விமானத்தின் எஞ்சின் உடைந்து, துண்டுகள் கேபினுக்குள் பாய்ந்தன. ஒரு தாயும் மகனும் இறந்தார்கள். உடைந்தது டைட்டானியத்தாலான ஃபேன் ஹப், அதாவது எஞ்சினின் முன்விசிறி இறகுகளைத் தாங்கும் நடுப்பகுதி. அதில் ஒரே ஒரு துளையை டிரில் செய்தபோது சூடு மிஞ்சி, துளைச் சுவரில் உலோகத்தின் தன்மையே மாறிவிட்டிருந்தது. வருடக்கணக்கில் பறந்தபின் விரிசல் அங்கிருந்து வளர்ந்தது. பராமரிப்பின்போது செய்த சோதனையிலும் அது கண்ணில் படவில்லை.

டைட்டானியம் சூட்டை எளிதில் கடத்தாது. அலுமினியத்தில் சூடு பரவிக் கலைந்துவிடும். டைட்டானியத்தில் பெரும்பாலும் வெட்டும் முனையிலேயே தங்கிவிடும். கூலண்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் ஒரு கணம் தடைபட்டாலோ, வெட்டும்போது வரும் உலோகச் சுருள் துளைக்குள் அடைத்துக்கொண்டாலோ டிரில்லின் சத்தம் மாறும். அந்த நேரத்தில் அதைக் கேட்கக்கூடியவர் பக்கத்தில் நிற்பவர் மட்டுமே. அவர் மெஷினை நிறுத்தி “இந்தத் துளையில் எனக்குச் சந்தேகம்” என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஒரு ஹப்பின் விலை என்ன, டெலிவரி எவ்வளவு நெருக்கடி என்பதெல்லாம் மண்டைக்குள் ஓடும்போதும் சொல்ல வேண்டும். எந்த சிமுலேஷன் இதைப் பழக்கும்?

நான் பயிற்சியில் இருந்தபோது கூடப் படித்த ஒருவன் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) விட்ட துளை பெரிதாகிவிட்டது. பயந்துபோய் ஜாபைச் சுருள் தொட்டிக்குள் அமுக்கிவிட்டு வேறு கட்டையை எடுத்துக்கொண்டான். சாயந்திரம் ஃபோர்மேன் எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. அவர் கத்தவில்லை. கையுறை மாட்டி அவனையே தேடி எடுக்கச் சொன்னார். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மேசையில் வைத்து, “அள. எழுது” என்றார். அளவை எழுதினான். காரணம் என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று போட்டான். அவர் அதை அடித்தார். “இது காரணம் இல்லை, மன்னிப்பு. மன்னிப்பை நான் கேட்கவில்லை. துளை ஏன் பெரிதாச்சு?”

எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றோம். ரீமரைக் கழற்றினால், அது பொருந்தும் கூம்புக் குழியான ஸ்பிண்டில் டேப்பருக்குள் ஒரு பொடிச் சுருள் ஒட்டியிருந்தது. அதனால் ரீமர் ஆடியிருக்கிறது. மறுநாள் அதே மெஷினில் என் முறை. அந்த ஜாப் தொட்டிக்குள்ளேயே கிடந்திருந்தால் என் துளையும் கெட்டிருக்கும், எனக்கும் ஏன் என்று தெரிந்திருக்காது.

உங்கள் 0.02 ஏன் கூடியது? யாராவது கேட்டார்களா? ஜாபுக்கு அடியில் சுருள் இருந்திருக்கலாம். டூல் தேய்ந்திருக்கலாம். மெஷினில் கொடுத்த டூல் அளவு, அதாவது ஆஃப்செட், தவறியிருக்கலாம். அல்லது ஜாபில் குறையே இல்லாமலும் இருக்கலாம்: அரை மீட்டர் நீள அலுமினியம் 2 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தாலே ஏறக்குறைய 0.02 மி.மீ. நீண்டிருக்கும். அதனால்தான் அளவுகளை 20 டிகிரி செல்சியஸுக்கு என்று வைத்திருக்கிறார்கள். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தீர்களா, ஆறவிட்டு அளந்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ரிப்போர்ட்டில் எண்ணை மாற்றியதும் இத்தனை கேள்வியும் செத்துப்போகிறது. உங்கள் சார் நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவர் உங்களுக்குச் செய்வது கெடுதல். இத்தனை மாதமாக அவர் சொன்னபடி எழுதிக்கொண்டு, உறுத்தலே இல்லாமல் எனக்கும் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது. நாளை உங்கள் கையெழுத்தை நம்பித்தான் அடுத்தவர் அந்தப் பாகத்தை வாங்கி எஞ்சினில் பொருத்துவார். அதற்குப் பிறகு அதன் உள்ளே யாரும் பார்க்கப்போவதில்லை.

அரம் வீண் என்று மட்டும் சொல்லாதீர்கள். நீலம் தடவிய தட்டில் தேய்த்துப் பார்த்து, மேடு தெரிந்த இடத்தை மட்டும் ராவி ஒரு முகத்தைச் சமமாக்கியவனுக்குத்தான் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் எவ்வளவு என்று கை சொல்லும். ஃபைவ் ஆக்ஸிஸில் இறங்கும் பாகத்துக்கும் பல இடங்களில் விளிம்புப் பிசிரைக் கையால்தான் எடுக்கிறார்கள். அங்கே விழும் ஒரு கீறல் போதும், விரிசல் தொடங்க.

ஆறு மாதமா மூன்று வருடமா என்பதை வெளியிலிருந்து நான் சொல்வதைவிட நீங்களே நேரில் போய்த் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு இடத்துக்கும் போங்கள். புது மெஷினைக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, “ரிஜெக்ட் ஆன பயிற்சி ஜாபை எங்கே வைக்கிறீர்கள்? அதற்கு நோட்டு உண்டா?” என்று கேளுங்கள். விமானத் தொழிலின் தர விதிப்படி, கழித்த பாகத்தை அழியாத அடையாளமிட்டோ கட்டுப்பாட்டில் பிரித்துவைத்தோ, கடைசியில் யாரும் பயன்படுத்த முடியாதபடி சிதைத்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பயிற்சியிலேயே வைத்திருக்கும் இடம் எதுவோ, அங்கே சேருங்கள். நோட்டைக் காட்டினால் இரண்டு பக்கம் புரட்டி, காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.