ஆன்ட்ரிம் கவுண்டி: எந்த எண்ணிக்கையை எடுப்பது?

வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன்ட்ரிம் கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற பகுதி), 2020 அதிபர் தேர்தலில் இரண்டு கோப்புகளில் நேர்மாறான முடிவுகள் இருப்பதாகவும் அந்தக் கவுண்டியையே ஆய்விலிருந்து நீக்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நீக்காதீர்கள்.

பைடன் 7,769, டிரம்ப் 4,509 என்றிருப்பது தேர்தல் இரவின் அதிகாரப்பூர்வமற்ற கணக்கு. அது தவறு. அக்டோபரில் சில ஊர்களின் வாக்குச்சீட்டில் உள்ளூர்ப் போட்டிகள் தொடர்பான திருத்தம் செய்தார்கள். ஆனால் புதிய அமைப்பை எல்லா வாக்கு எண்ணும் இயந்திரங்களின் மெமரி கார்டுகளிலும் ஏற்றவில்லை. பழைய கார்டுகள் அனுப்பிய எண்களை மையக் கணினி புதிய வரிசைப்படி படித்தது. ஒருவருடைய வாக்கு இன்னொருவர் பெயரில் விழுந்தது. அதே இயந்திரங்கள் வாக்குச்சாவடியில் அச்சிட்டுத் தந்த நீளமான காகிதச் சுருளில் கணக்கு சரியாகவே இருந்தது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது அந்தச் சுருள்தான்.

திருத்திச் சான்றளிக்கப்பட்ட முடிவு: டிரம்ப் 9,748, பைடன் 5,960. டிசம்பரில் சீட்டுகளைக் கையால் எண்ணியபோது 9,759, 5,959 என்று வந்தது. இருவருக்கும் இடையிலான இடைவெளியில் வெறும் 12 வாக்கு வித்தியாசம்.

ஆய்வுக்குச் சான்றளிக்கப்பட்ட எண்களையே எடுங்கள். கை எண்ணிக்கையை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். தேர்தல் இரவுக் கணக்கு உள்ள கோப்பை மற்ற கவுண்டிகளுக்கும் பயன்படுத்தியிருந்தால், அவற்றையும் மாநிலத்தின் இறுதிப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்தல் இரவுக் கணக்குகள் பிறகு மாறுவது வழக்கம்.